ஒட்டுப்பால் எரிந்த அடுப்பு

பிள்ளைகளை எழுத வைக்கிறேன் என்று கிளம்பி நான் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், வரக்காப்பொலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தேன். புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே கட்டுரையைப் பாடமாக்கி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பசு என்று எழுதச் சொன்னால் எல்லாக் கொப்பியிலும் அதே வெள்ளைப் பசு, அதே நான்கு கால். இத்தனைக்கும் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீட்டிலும் மாடு கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இனிமே பசு வேணாம். உங்க வீட்டுல உள்ளத எழுதுங்க. கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க" என்றேன்.

"எங்க வீட்டுல என்னாங்க டீச்சர் இருக்கு?" என்று முழித்தார்கள். பிறகு மெல்ல மெல்ல வந்தது. ஒழுகும் தகரம், குழாயடிச் சண்டை, காலில் ஏறும் அட்டை. பின்வரிசை வாங்கில் வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். 'எங்கள் அடுப்பு' என்று தலைப்பு.

மழைக்காலத்தில் ஈர விறகு பிடிக்காது. ரப்பர் பால் வெட்டும் அவளுடைய அம்மா, மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலில் ஓர் உருண்டையை மடியில் முடிந்துகொண்டு வருவாள். அதைப் பற்றவைத்தால் அடுப்பு உடனே பிடித்துக்கொள்ளும். கரும்புகை சுவரில் ஏறும். "அந்தப் புகையில் ஒரு நாள் யானை தெரியும். ஒரு நாள் அப்பா தெரிவார்" என்று எழுதியிருந்தாள். அப்பா செத்து இரண்டு வருடம். படித்துவிட்டு நான் அழுதேன். அழுததோடு நிறுத்தியிருக்கலாம்.

பால் நிறுக்கும் மடுவத்தில்தான் பரிசளிப்பு விழா. அதற்குத் தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரையைக் கூப்பிட்டிருந்தோம். சிங்களவர்தான், ஆனால் எங்கள் ஆட்களை வேலை வாங்கியே தமிழ் பழகியவர். அவர் முன்னால் அந்தப் பிள்ளையை மேடையேற்றி, மைக் பிடித்து வாசிக்க வைத்தேன். மடியில் முடிந்த இடம் வந்ததும் முன்வரிசையில் இருந்த அவள் அம்மா தலை குனிந்துகொண்டாள். மடுவம் முழுக்க மூச்சுப் பேச்சில்லை. சனம் ரசிக்கிறது என்று நினைத்தேன், மக்கு.

ஒட்டுப்பால் தோட்டத்துச் சொத்து. பாலோடு சேர்த்து நிறுத்துக் கொடுக்க வேண்டியது. ஆனால் மழைக்காலத்தில் லயத்து அடுப்பெல்லாம் அதில்தான் பற்றும், கங்காணி வீட்டு அடுப்பும் சேர்த்து. துரைமாருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லாதவரை எல்லாரும் கண்டும் காணாத மாதிரி இருப்பார்கள். நானும் லயத்தில் பிறந்தவள்தான், எனக்குத் தெரியாததில்லை. பிள்ளையின் எழுத்தில் மயங்கி அதை மறந்துபோனேன்.

சின்னத்துரை கைதட்டினார், பரிசும் கொடுத்தார். மறுநாள் காலைப் பிரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது, அந்த அம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு வீடு வீடாகச் சோதனை. குழாயடியில் அந்தப் பிள்ளையோடு ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் ஆபீசுக்குப் போய்க் கெஞ்சினேன். "அது தோட்டத்து விஷயம் டீச்சர், நீங்க படிப்பப் பாருங்க" என்று கிளாக்கர் அனுப்பிவிட்டார். அங்கிருந்து நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பலகையைத் துடைத்து உட்காரச் சொன்னாள்.

"புள்ள எழுதுறத வேணாம்னு சொல்லலீங்க டீச்சர். எத எழுதப்படாதுன்னும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றாள்.

அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது.

அடுத்த தவணை முதல் கட்டுரைக்கு நான் தலைப்பே கொடுக்கவில்லை, பிடித்ததை எழுதச் சொன்னேன். அந்தப் பிள்ளைதான் முதலில் முடித்து என் மேசைக்குக் கொண்டுவந்தாள். "எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு. அதன் நிறம் வெள்ளை. அதற்கு நான்கு கால்கள் உண்டு."

ஒரு பிழையும் இல்லை. சிவப்புப் பேனையை மூடி வைத்தேன்.

"இப்ப சரிதானுங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"சரி" என்றேன்.