இஸ்திரியின் வலது மணிக்கட்டு

போட்டிக்கு வந்த நூற்று இருபது பேரில் நூற்றுப் பத்தொன்பது பேர் ஜெயிக்க வந்திருந்தார்கள். இஸ்திரி மட்டும், ஒன்றிரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, சத்தமில்லாமல் தோற்று, யார் கண்ணிலும் படாமல் வீடு திரும்பும் திட்டத்தோடு வந்திருந்தார். அந்த ஒரு காரியத்தைக்கூட மனுஷனால் உருப்படியாகச் செய்ய முடியவில்லை.

இஸ்திரி என்பது அவர் பெயரல்ல, தொழில். மருத்துவமனைகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடத்தில், நீராவி மெஷின் முன்னால் இருபத்திரண்டு வருடமாக நிற்பவர். விரிப்பைப் பலகையில் போட வேண்டும், உள்ளங்கையால் ஒருமுறை நீவ வேண்டும், சூடான மேல்மூடியை வலது கையால் இழுத்து அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு தடவை. வேலையோடு வீடும் உண்டு. கொதிகலன் சுவருக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் இரண்டு அறை. வேலை போனால் மாதக் கடைசியில் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

வேலை முடிந்ததும் அவர் போகும் இடம், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டே மேஜை உள்ள பில்லியர்ட்ஸ் கூடம். அந்த மேஜையில் குழியே கிடையாது. மொத்தம் மூன்று பந்து: வெள்ளை, மஞ்சள், சிவப்பு. நம் பந்தைக் கோலால் அடித்து மற்ற இரண்டையும் தொட வைக்க வேண்டும். ஆனால் இரண்டாவதைத் தொடுவதற்கு முன் நம் பந்து மேஜை ஓரத்து ரப்பரில் மூன்று முறையாவது மோதியிருக்க வேண்டும். தொட்டால் ஒரு புள்ளி, தொடாவிட்டால் எதிராளியின் முறை. கேட்பவர்களுக்கு, வேலையற்றவன் எவனோ கண்டுபிடித்த ஆட்டம் என்று தோன்றும். இஸ்திரிக்கு அதுதான் உயிர்.

அந்த உயிருக்காக அவர் இரண்டு முறை பொய் சொல்லி லீவு போட்டு மாட்டியிருக்கிறார். முதல் முறை பல்வலி என்றார், மறுநாள் அவர் கோலும் கையுமாக நிற்கும் படம் பேப்பரில் வந்தது. இரண்டாம் முறை மாமனார் காலமாகிவிட்டதாகச் சொன்னார். அடுத்த வாரமே அந்த மாமனார் மருமகனைப் பார்க்க சலவைக்கூட வாசலில் வந்து நின்றார், நல்ல ஆரோக்கியத்தோடு. இரண்டுக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். மூன்றாவது முறை கடிதம் இல்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இது தெரிந்தும் அவர் மூன்றாவது பொய்யைச் சொன்னார். ஆறு மணி நேரப் பயணத்தில் உள்ள நகரத்தில் சர்வதேசப் போட்டி, தகுதிச் சுற்றில் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்றார்கள். நாற்பத்தேழு வயதாகிறது. உலகத்துக்கு முன்னால் தான் எத்தனையாவது ஆள் என்று ஒரே ஒருமுறை தெரிந்துகொள்ளாமல் செத்துப்போக அவருக்கு மனமில்லை. பழைய கட்டுத் துணியை எடுத்து வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றார்.

மேற்பார்வையாளர் அவரைவிடப் பத்து வயது இளைய பெண், வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அந்த அம்மா கட்டை அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. தளர்ந்திருந்த முனையைத் தானே இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டார்.

"ரெண்டு நாள் எப்படிண்ணே பத்தும்? நாலு நாள் எடுத்துக்குங்க."

"மேடம், மேல என் ஃபைலைப் பாத்தா..."

"பாத்தாங்க. நம்ப வேணாம்னு சொன்னாங்க. நான் நம்புறேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். மெஷின்ல ஆள் இல்லன்னா நானே நின்னுக்கறேன்."

அந்த இடத்திலேயே உண்மையைக் கக்கியிருக்கலாம். இஸ்திரி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

போட்டி நடந்தது ஒரு பெரிய விளையாட்டு அரங்கில். எட்டு மேஜை. அதில் முதல் மேஜைக்கு மட்டும் தலைக்கு மேல் விளக்கு வரிசையும் நாலு கேமராவும் இருந்தன. மற்ற ஏழு மேஜைகளில் யார் என்ன ஆடினாலும் உலகத்துக்குத் தெரியாது. முதல் மேஜை மட்டும் விளையாட்டுச் சேனலில் நேரடியாகப் போகும். சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும் அறையில் ஒரு டிவி உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதில் ஓடுவது அந்தச் சேனல்தான். இதைக் கேட்டதும் இஸ்திரி முதல் மேஜைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பெரிய ஆட்டக்காரர்களைத்தான் முதல் மேஜையில் போடுவார்கள், நம்மை யார் சீண்டப்போகிறார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

கட்டை அவிழ்த்துப் பையில் போட்டுவிட்டு ஏழாவது மேஜைக்குப் போனார். ஆட்டம் தொடங்குமுன் மேஜைத் துணியை உள்ளங்கையால் நீவிப் பார்த்தார். புதுத் துணி, நேற்று மாட்டியது. அடியிலிருந்த கல் பலகையைச் சூடாக்கி வைத்திருந்தார்கள். சூடும் துணியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவரைவிட அந்த அரங்கில் யாருக்குத் தெரியும்? இன்று பந்து வழுக்கும், நினைத்ததைவிட ஒரு சாண் அதிகம் ஓடும் என்று கணக்குப் போட்டார். எதிராளி அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. மறுநாள் துணி கொஞ்சம் பதமாகியிருந்தது, அதையும் கை சொல்லிவிட்டது. இன்னும் ஒன்று ஜெயித்தார். இந்த மனுஷனுக்குக் கோலைக் கையில் எடுத்துவிட்டால் வேலை, வீடு, பெண்டாட்டி எதுவும் நினைவிருக்காது. கோலைக் கீழே வைத்த பிறகுதான் எல்லாம் ஒன்றாக வந்து குப்புறத் தள்ளும்.

அன்று சாயங்காலம் மனைவி போனில் வந்தாள். "அந்தம்மா வீட்டுக்கே வந்துட்டாங்க, உங்க கை எப்படி இருக்குன்னு பாக்க."

"நீ என்ன சொன்ன?"

"எலும்பு டாக்டரைப் பாக்க வெளியூர் போயிருக்காருன்னு சொன்னேன். பாவம், நம்பிட்டாங்க. எனக்கு இனிமே என்ன பொய் சொல்றதுன்னு தெரியல. நாளைக்கு ஆட்டம் யாரோட?"

"எவனோ ஒரு நெட்டைப் பையன். அதுல ஜெயிச்சா காலிறுதி. காலிறுதி எல்லாமே முதல் மேஜைதான்."

"என்னங்க, தோத்துட்டு வந்துடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். வீட்டை விட்டுட்டு எங்க போய் நிப்போம்?"

புருஷனைத் தோற்கச் சொல்லிக் கெஞ்சிய பெண்டாட்டி அந்தப் போட்டியில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். இஸ்திரி சரி என்றார். நிஜமாகவே சரி என்றுதான் சொன்னார்.

மூன்றாம் நாள் நெட்டையனோடு ஆட்டம், நாற்பது புள்ளிக்கு. பாதி வரை தன்னை மறந்து ஆடி, பிறகு விழித்துக்கொண்டு, வேண்டுமென்றே தவறவிடத் தொடங்கினார். அது சுலபமில்லை. கண்ணுக்குத் தெரியாமல் தவறவிட வேண்டும், பந்தின் நடுவிலிருந்து ஒரு நூல் தள்ளி அடிக்க வேண்டும், அடித்த பிறகு முகத்தில் ஏமாற்றத்தையும் காட்ட வேண்டும். பாவி, இருபது வருடம் கற்ற வித்தையை இதற்குப் பயன்படுத்தினார். நெட்டையன் எழும்பி வந்தான். இவர் முப்பத்தொன்பது, அவனும் முப்பத்தொன்பது. இவர் முறை. பந்து பாதி வழியிலேயே செத்துப்போகட்டும் என்று மெதுவாகத் தட்டிவிட்டார். அது சிவப்பை உரசி, ஒரு ஓரத்தில் மோதி, இன்னொரு ஓரத்துக்குப் போய், அங்கே சுற்றி வந்த அந்தச் சிவப்பே குறுக்கே விழுந்து அதை உந்தித் தள்ள, மூன்றாவது ரப்பரில் பட்டு, போய் மஞ்சளை முத்தமிட்டது. நடுவர் நாற்பது என்றார்.

குருட்டு அதிர்ஷ்டத்தில் புள்ளி விழுந்தால் எதிராளியைப் பார்த்துக் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பது இந்த ஆட்டத்து மரியாதை. இஸ்திரி கையைத் தூக்கினார். அரங்கில் அதுவரை யாரும் அவ்வளவு மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டார்கள். கண்ணில் நீர் வந்துவிட்டது. நெட்டையன் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தான்.

நான்காம் நாள், சரியாகச் சாப்பாட்டு நேரத்தில், முதல் மேஜை. எதிரே உலக சாம்பியன், ஐம்பதைத் தாண்டிய அமைதியான மனிதர். இஸ்திரி வலது மணிக்கட்டில் கட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். இடது கையால் ஆடுவது என்று ராத்திரி முழுக்க உருண்டு புரண்டு முடிவு செய்திருந்தார். சாம்பியன் கட்டைக் காட்டி, வலியா என்று சைகையில் கேட்டார். இஸ்திரி ஆமாம் என்று தலையாட்டினார். அந்தப் பொய்யை இதோடு எத்தனை பேரிடம் சொல்லியாகிவிட்டது என்று அவருக்கே கணக்கு விட்டுப்போயிருந்தது.

இடது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. கோல் பந்தில் படும் சத்தமே வேறாக இருந்தது. சாம்பியன் இருபத்தொன்று, இவர் மூன்று என்ற நிலையில் இடைவேளை விட்டார்கள். கழிப்பறை நடைவழியில் நின்று மனைவிக்குப் போன் செய்தார்.

"பாத்துட்டாங்களா?"

"எல்லாரும் பாக்கறாங்க. அந்தம்மா இப்பதான் பேசினாங்க. உங்க வீட்டுக்காரர் கை வலியோட எதுக்கு ஆடப் போனார்னு கேட்டாங்க. திட்டுனாங்க. ஆனா கை நிஜமாவே சரியில்லன்னு நம்பறாங்க. அவரு சொன்னது பொய் இல்லன்னு மேல நான் பேசிக்கறேன்னு சொன்னாங்க. பொழைச்சோங்க. இப்படியே இடது கையால ஆடி முடிச்சுட்டு வந்துடுங்க."

பிழைத்துவிட்டோம் என்றுதான் அவருக்கும் தோன்றியது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, மறுபடி இடது கையால் இரண்டு முறை அடித்து, இரண்டையும் தவறவிட்டார்.

சாம்பியன் மூன்று புள்ளி எடுத்தார். நான்காவதாக அவருக்குக் கிடைத்தது, கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவன்கூடப் போட்டுவிடக்கூடிய பந்து. அதைத் தவறவிட்டார். பந்தின் நடுவிலிருந்து ஒரு நூல் தள்ளி. பிறகு உதட்டைப் பிதுக்கி ஏமாற்றமும் காட்டினார். கூட்டம் உச்சுக்கொட்டியது. கேமராக்காரனுக்குத் தெரியவில்லை, நடுவருக்குத் தெரியவில்லை. இஸ்திரிக்கு மட்டும் அப்பட்டமாகத் தெரிந்தது. முந்தின நாள் அவர் செய்த அதே தவறு.

சாம்பியன் இரக்கப்பட்டிருக்கிறார். இல்லாத வலிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். மேஜையில் பந்துகள் இஸ்திரிக்கு வாகாகக் கிடந்தன, தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒருத்தி தன் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு மெஷினில் நிற்கிறாள், ஒருத்தர் உலகம் பார்க்கத் தன் ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்கிறார், எல்லாம் இந்தக் கந்தல் துணிக்காக. நாற்பது விநாடிக்குள் அடிக்க வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வீடு நினைவுக்கு வந்தது. மனைவியின் குரல் நினைவுக்கு வந்தது. இந்த முறை கோலைக் கையில் வைத்திருக்கும்போதே எல்லாம் நினைவுக்கு வந்தது.

பல்லால் கடித்துக் கட்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டார். வலது கையை உயரத் தூக்கினார். முதலில் சாம்பியனைப் பார்த்து. பிறகு திரும்பி, தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்த கேமராவைப் பார்த்து. வழக்கத்தைவிட அதிக நேரம் தூக்கியே வைத்திருந்தார், நடுவர் நேரத்தை நினைவூட்டும் வரை. கிடைத்த சுலபப் பந்தை வேண்டுமென்றே வேறெந்தப் பந்திலும் படாமல் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வலது கையால் ஆடினார்.

ஒரே முறையில் பதினோரு புள்ளி எடுத்தார். அடுத்து ஆறு, அதற்கடுத்து ஒன்பது. சாம்பியனும் பிறகு இரக்கம் காட்டவில்லை. இருவரும் வெறி பிடித்தவர்களாக ஆடினார்கள். இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையில் ஒரு மனிதன் எப்படி ஆடுவானோ அப்படி ஆடினார் இஸ்திரி, அதில் சந்தோஷம் மருந்துக்கும் இல்லை. சாம்பியன் நாற்பது, இஸ்திரி முப்பத்தேழு. தோற்கத்தான் வந்தார், தோற்றார். சாம்பியன் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கை குலுக்கினார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். காலையில், "போய் அந்தம்மாவைப் பாத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மெஷின் முன்னால் மேற்பார்வையாளர்தான் நின்றிருந்தார். விரிப்பை இடது கையால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வலது மணிக்கட்டில் வெள்ளைக் கட்டு, அதன் விளிம்பில் மருந்தின் மஞ்சள் கறை.

"மூணாம் நாள் மெஷின் ஆவி அடிச்சுடுச்சு. பழக்கமில்ல" என்றார் அவர். "கட்டை அவுத்துட்டுக் கை தூக்கினீங்களே. அவருக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும், மேடம்."

"தெரிஞ்சுது." மேஜைக்குப் போய் டைப் செய்து வைத்திருந்த தாளை எடுத்தார். "மேல கேட்டாங்க. எனக்கு வேற வழியில்லண்ணே. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் வீட்ல இருக்கலாம்னு பேசி வாங்கியிருக்கேன்."

அந்த அம்மா பேனாவை இடது கையில் எடுத்தார். தாள் மேஜையில் வழுக்கி வழுக்கி நகர்ந்தது, கையெழுத்து நிற்கவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

இஸ்திரி கிட்டே போனார். தாளை ஒருமுறை உள்ளங்கையால் நீவிவிட்டு, அது நகராமல் இருக்க வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.