மூஞ்சி தெரியாத போன்

போன் வாங்கப் போகிறவர்கள் நல்ல கேமரா கேட்பார்கள். மோசமான கேமரா கேட்டுத் திண்டிவனத்தில் கடை கடையாக ஏறி இறங்கியவள் அநேகமாக நான் ஒருத்திதான்.

காரணம் என் தாடை. எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம் காணையைத் தாண்டி இருக்கிறது. எனக்கு வேலை திண்டிவனத்தில், ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். விழுப்புரம் ஜங்ஷனில் காலை ரயிலைப் பிடித்தால்தான் முதல் மணிக்குள் போய்ச் சேர முடியும். எங்கள் ஊர்ப் பேருந்துக்கு அந்த ரயில்மேல் என்ன கோபமோ, ரயில் கிளம்பிய பிறகுதான் ஜங்ஷனை எட்டிப் பார்க்கும். மூன்று நாள் தாமதமாகப் போனதும், இன்னொரு நாள் இப்படி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

வீட்டில் என் கணவருடைய ஸ்கூட்டர் படுதாவைப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. என்னிடம் எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. ஆனால் அவர் குவைத்துக்குக் கிளம்பிய அன்று, வண்டியைத் தொடக்கூடாது என்று மாதா படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அவருடைய சித்தி மகள் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டதிலிருந்து அவருக்கு அப்படி ஒரு பயம்.

வழி கண்டுபிடித்தவர் என் மாமியார். வாரம் தவறாமல் பூசைக்குப் போகிறவர், சத்தியத்தை மீறச் சொல்வாரா? இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, "கையுறை மாட்டிக்கோ. தொட்டதா ஆவாது" என்றார். மாதாவும் ஒன்றும் சொல்லவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு மூன்று வாரம் ஜங்ஷன் வரை ராணி மாதிரி போய் வந்தேன். நான்காவது வாரம் கரும்பு ஏற்றிய டிராக்டருக்கு வழி விடப்போய்ச் சாலையோரத்து ஜல்லியில் சரிந்தேன். வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. என் தாடை ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்துவிட்டது. பையிலிருந்த போனும் நொறுங்கிப்போனது.

அது என் கணவர் அனுப்பிய விலை உயர்ந்த போன். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்று வீடியோ காலில் கூப்பிட்டு வீட்டையே ஆய்வு செய்வார். தண்ணீர்த் தொட்டி, மாட்டுக் கொட்டகை, கடைசியாக என் முகம். என் நெற்றியில் கொசு கடித்ததை என்னைவிட முன்பாகக் கண்டுபிடித்தவர் அவர். தாடையைப் பார்த்தால் ஸ்கூட்டர் விஷயம் தெரியும். ஸ்கூட்டர் போனால் வேலையும் போகும். போன் தொட்டியில் விழுந்துவிட்டது என்று மாமியாரின் பட்டன் போனிலிருந்து செய்தி அனுப்பினேன். பரவாயில்லை, நல்லதாக ஒன்று வாங்கிக்கொள் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு ஐந்து நாள் இருந்தது.

கொரோனா காலத்து முகக்கவசத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆசையாக ஒரு போனை நீட்டினார். "செல்ஃபி கேமரா அப்பிடி இருக்கும்க்கா. சின்னப் பரு இருந்தாக்கூடத் தெரியும்."

"அது வேணாங்க. தெரியாத மாதிரி ஒண்ணு காட்டுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு போனாக வாங்கி, கவசத்தை இறக்கி, என் தாடையைக் காட்டிக் காட்டித் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது கடையில், இருப்பதிலேயே மலிவான போனில் சிராய்ப்பைக் காணவில்லை. கூடவே மூக்கில் பாதியையும் காணவில்லை. பிசைந்த மைதா மாவில் யாரோ கண் வரைந்துவிட்டதுபோல நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கேமரா சுமார்தான், திரையும் மங்கல், நாளைக்கு வந்து சண்டை பிடிப்பீர்கள் என்று அந்தக் கடைக்காரர் நேர்மையாக எச்சரித்தார். உடனே பில் போடச் சொன்னேன்.

குறை சொல்லக்கூடாது, அந்தப் போனிலும் நல்ல குணங்கள் இருந்தன. ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் தாங்கும். டார்ச் அடித்தால் கொல்லைக் கோடி வரை தெரியும். ஸ்பீக்கர் இன்னும் விசேஷம்: மாமியார் அதில் ஜெபமாலை போட்டால் தெருவே சேர்ந்து சொல்லலாம். ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் அது யோசித்து முடிப்பதற்குள் அடுப்பில் பாலை இறக்கிவிட்டு வரலாம். பத்துப் படம் எடுத்தால் இடமில்லை என்று அழும். வெயிலில் திரை கறுப்புச் சிலேட்டுதான். வகுப்பில் நான் போடும் கணக்குப்படி கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான், அது இருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டார். "இன்னா, மூஞ்சி பளபளன்னு கீது? கிரீம் மாத்திட்டியா?"

நீங்கள் ஊரில் இல்லாத நிம்மதிதான் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற மாமியார், மலிந்தால் சந்தைக்கு வந்துதான் ஆகும் என்று முணுமுணுத்தார். வரவில்லை. எட்டு மாதம் ஓடியது. புண் ஆறித் தழும்பானது. முதல் மணிக்கு முன்பே பள்ளிக்குள் நுழைகிறவள் என்று தலைமையாசிரியையே என்னைப் பாராட்டினார்.

பிறகு என் கணவர் விடுமுறையில் வந்தார். ஜங்ஷனுக்கு ஆட்டோ பேசி வை என்று சொல்லியிருந்தார். நான் ஸ்கூட்டரோடு போய் நின்றேன். எப்படியும் தெரியப்போவதுதான், என் வாயால் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். வேலையை விடச் சொன்னால் பேசுவதற்கு ஒரு முழுப் பிரசங்கமே தயார். ரயில் வந்து கூட்டம் வெளியே வந்தது. தொளதொளவென்று சட்டை போட்ட ஒருவரைத் தாண்டி அவரைத் தேடினேன். அந்த ஆள் நேராக வந்து என் முன்னால் நின்றார்.

பிரசங்கம் மறந்துபோனது. "என்னாங்க இப்பிடி ஆயிட்டீங்க?" என்றேன்.

"காமாலை வந்து போச்சி. சொன்னா பயந்துக்குவன்னு சொல்லல. எளைச்சிட்டனா பாருன்னு மட்டும் வாரா வாரம் உன்னக் கேட்டனே. நல்லாத்தான் கீறீங்கன்னு சொல்லிக்கினே இருந்த."

கேட்டார்தான். அந்த மங்கல் திரையில் அவர் எனக்குப் பழுப்புக் கட்டங்களாகத்தான் தெரிந்தார். தாடையை எந்தப் பக்கம் திருப்பிக்கொள்வது என்ற கவனத்தில், பார்க்காமலே பதில் சொல்லியிருக்கிறேன். என் முகம் அவருக்கு எப்படித் தெரியும் என்று மூன்று கடை ஏறிப் பார்த்தவள், அவர் முகம் எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கடையிலும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது.

அவர் என் தழும்பைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார். இதில்தான் வேலைக்குப் போகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையிலிருந்த பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"சரி, எடு. எனக்கு ஓட்டத் தெம்பில்ல."

பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டி ஓர் அழுத்து அழுந்தும். அதற்காகக் காலை ஊன்றிக் காத்திருந்தேன்.

"ஏறிட்டேன், போ" என்றார்.

நம்பாமல் திரும்பிப் பார்த்தேன்.