டிரெட்மில் அறையில் நான் சொன்ன ‘இல்லை’

போன வருடம் தை மாதக் கடைசி. உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நெல் கொள்முதல் நிலையம் திறக்கப் போகிற நேரம். என் கணவர் அங்கே லோடுமேன், மூட்டைகளை லாரியில் ஏற்றுகிறவர். ஒருநாள் ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உத்திரமேரூர் டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை, நடக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று காஞ்சிபுரத்தில் டிரெட்மில் டெஸ்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கேள்வி கேட்பதற்கு எனக்கு வெட்கமே கிடையாது. ரேஷன் கடைக்காரரே என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி டாக்டரையும் நான் விடவில்லை.

“நெஞ்சு வலின்னு வந்த மனுசன ஓட வெச்சா இன்னா சார் ஆவறது?”

அவர் எரிந்து விழவில்லை. ஓட்டம் இல்லை, நடைதான் என்றார். மிஷினில் காலுக்குக் கீழே ஓடும் பட்டை மெதுவாகத் தொடங்கும், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் மேடும் கூடும், நெஞ்சில் ஒயர் ஒட்டித் திரையில் பார்த்துக்கொண்டே இருப்போம், வலி என்றால் உடனே நிறுத்திவிடுவோம் என்றார். நடுவில் மூச்சு நின்றுபோனால் என்றும் கேட்டேன். அது ரொம்ப அபூர்வம், அதற்கும் மருந்தும் மிஷினும் இங்கேயே தயாராக இருக்கிறது என்று காட்டினார்.

“நீங்க எதையும் மறைக்காம இருந்தா போதும்மா” என்றார்.

நான் கேட்ட அத்தனைக்கும் அந்த மனிதர் உண்மையைச் சொன்னார். பிறகு நர்ஸ் ஒரு ஃபாரத்தோடு வந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அதில் ஒரு கேள்வி: “நேத்து, இன்னைக்கு சும்மா இருக்கும்போது வலி வந்துச்சா?”

வந்திருந்தது. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், பனியன் நனைய வேர்த்து, கால் மணி நேரம் தோளைப் பிசைந்துகொண்டு கிடந்தார். அன்று காலை பஸ்ஸில் வரும்போது என்னிடம், “நேத்து வலிச்சத அங்க சொல்லிகினு இருக்காத. சொன்னா பெட்ல போட்டுடுவாங்க. என் எடத்துல வேற ஆளு பூந்துடுவான்” என்று சொல்லியிருந்தார். லோடுமேன் குழுவில் இடம் போனால் அந்தப் பருவமே போன மாதிரிதான்.

அவர் என்னைப் பார்த்தார். நான் நர்ஸிடம், “அதெல்லாம் இல்லம்மா” என்றேன்.

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவு பாதி திறந்திருந்ததால் உள்ளே நடந்தது எனக்குத் தெரிந்தது. பட்டை மேடாக மேடாக அவர் முகம் வெளுத்தது. “வலிக்குதா?” என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இவர் இல்லை என்று தலையாட்டினார். மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறுகிறவன் நடுவில் நிற்க மாட்டான். நின்றால் பின்னால் வருகிறவன் மூட்டையோடு விழுவான். எது வலித்தாலும் மேலே போய் இறக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். இருபது வருடம் அப்படி ஏறியவர் இந்தப் பட்டையிலும் அப்படியே ஏறினார். திரையைப் பார்த்துவிட்டு டாக்டர் “நிறுத்து” என்று சொல்வதற்கும் இவர் கைப்பிடியை விட்டுச் சரிவதற்கும் சரியாக இருந்தது.

உள்ளே ஓடிய என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். ஷாக் கொடுத்து உயிரைத் திருப்பியிருக்கிறார்கள். வெளியே வந்த டாக்டருக்கும் வேர்த்திருந்தது. “சும்மா இருக்கும்போதே வலி வந்துதுன்னு தெரிஞ்சிருந்தா இந்த டெஸ்டே பண்ணியிருக்க மாட்டோம்மா. நேரா அட்மிட் பண்ணியிருப்போம்” என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

உயிர் திரும்பியது, இதயம் முழுசாகத் திரும்பவில்லை. இன்று தெருக்குழாய் வரை போவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறார். மிஷினில் ஏற்றி ஆளைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஊரே பேசியது. நானும் தலையாட்டினேன். அது எனக்கு வசதியாக இருந்தது. நடந்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

இந்த வருடம் அதே குழுவில் இன்னொருவருக்கு நெஞ்சு வலி. அவருக்கும் அதே டெஸ்டை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யோசனை கேட்க எங்கள் வீட்டுக்கு வந்தார். “அந்த மிஷின் பக்கமே போவாத” என்றார் என் கணவர். வந்தவர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடித் தெருமுனையில் அவரை நிறுத்தி, மிஷின் மேல் தப்பில்லை, நாங்கள்தான் மறைத்தோம், நான்தான் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

பொறுமையாகத்தான் கேட்டார். “வுடு அண்ணி. நான் பயப்படக் கூடாதுன்னு இன்னாவோ சொல்ற. அண்ணன இந்தக் கண்ணால பாத்துகினுதான கீறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மனைவியிடமும் போய்ச் சொன்னேன். அவளும் நம்பவில்லை. நேற்றும் அவர் மூட்டை தூக்கப் போனார்.

அன்று நான் சொன்ன ஒரு பொய்யை அத்தனை படித்தவர்கள் மறுகேள்வி இல்லாமல் நம்பினார்கள். இன்று கையைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லும் உண்மையை நம்ப எங்கள் தெருவில் ஓர் ஆள் இல்லை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.