பரிசோதகரின் வலது கால்

ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவர்கள் வண்டி ஓட்டுவதைப் பரிசோதிப்பதுதான் அவருக்கு இருபத்து மூன்று வருட வேலை. தேர்வுத் தாளில் தவறுகளைச் சிவப்பு மையில் குறிப்பார். அதனால் ஓட்டப் பழகுகிறவர்கள் மத்தியில் அவருக்குச் ‘சிவப்பு மை’ என்று பெயர். ‘நாளைக்குச் சிவப்பு மையா? அப்ப விடு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று தேதியை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அது அவர் காதுக்கும் வந்திருக்கிறது. கோபப்பட்டதில்லை. பயப்படுகிறவன் ஜாக்கிரதையாக ஓட்டுவான் என்று நினைத்துக்கொள்வார்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் ஒரு ஆள் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்து, வண்டியைப் பள்ளிக்கூடச் சுவரில் கொண்டுபோய் முட்டினான். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பரிசோதகருக்கு மட்டும் மணிக்கட்டு உடைந்தது. கை ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் எவரையும் நம்பவில்லை. ஓட்டுகிறவனை நம்பவில்லை, எதிரே வருகிறவனை நம்பவில்லை, ஓரமாகப் படுத்திருக்கும் நாயைக்கூட நம்பவில்லை. எப்போதும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கோளாறை முதலில் கண்டுபிடித்தது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய மனைவி.

“ஏங்க, இடது ஷூ புதுசு மாதிரி இருக்கு. வலதுல அடியே தேஞ்சு போச்சு. ஒத்தைக் கால்லயா நடக்கிறீங்க?”

நடப்பதால் தேயவில்லை. அவர் உட்காரும் பக்கத்தில் பிரேக் கிடையாது. இருந்தும் நாள் முழுக்க அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் டிவியில் கார் வேகமாகப் போனாலும் கால் எகிறி முன்னால் இருக்கும் மேஜையை உதைத்தது. போகப்போகக் கெண்டைக்கால் சதை இறுகி, காலையில் தரையில் ஊன்ற முடியாமல் போனது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

“எலும்புல ஒண்ணுமில்லை. எல்லாம் டென்ஷன். யோகா, தியானம்னு ஏதாவது பண்ணிப் பாருங்க.”

நோய் என்னவென்று பிடிபடாததால் டாக்டர் தட்டிக்கழிக்கிறார் என்று பரிசோதகர் முடிவு செய்தார். மனைவி விடவில்லை. மருந்துக்கடைக் கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன விளம்பரத்தின் விவரத்தைக் குறித்து எடுத்து வந்தாள். டயர் கடைக்கு மேல் மாடியில், செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் வகுப்பு.

“முதல் வாரம் இலவசமாம்.”

“இலவசம்னாலே உள்ளே தூண்டில் இருக்கும்.”

“நீங்க என்ன மீனா? போய்ப் பார்த்துட்டு வாங்க.”

போனார். படியேறும்போதே ரப்பர் வாடை வந்தது. நீளமான அறை, எட்டுப் பத்துப் பாய்கள், மூலையில் ஒரு மின்விசிறி. நாற்பது வயது மதிக்கத்தக்க ஆசிரியை ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னாள். தொழில் என்ற இடத்தில் அவர் ‘அலுவலக வேலை’ என்று எழுதினார். படித்துப் பார்த்த ஆசிரியை லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. எதற்குச் சிரிக்கிறாள் என்று அப்போதே அவருக்கு உறுத்தியது.

கதவுக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு படுகிற மாதிரி இடம் பிடித்துக்கொண்டார். உடம்பை வளைக்கச் சொன்னபோது வளைத்தார். மூச்சை இழுக்கச் சொன்னபோது இழுத்தார். கண்ணை மூடச் சொன்னபோதுதான் சிக்கல் வந்தது. முன்பின் தெரியாத பத்துப் பேருக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவதா? பாதிக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்புகளைக் காவல் காத்தார். ஒரு தடவை பார்வையைத் திருப்பினால், ஆசிரியை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல, காலை.

நாலு வாரம் இப்படிப் போனது. கெண்டைக்கால் கொஞ்சம் இளகியது போலிருந்தது. வெயில் குறைந்ததால் இருக்கும் என்று மனைவியிடம் சொன்னார்.

ஐந்தாவது வாரம் அலுவலகத்தில் வரப்போகும் தேர்வுகளின் விண்ணப்பங்களைப் புரட்டும்போது கை நின்றது. புகைப்படத்தில் இருந்தது யோகா ஆசிரியை. ஏற்கெனவே இரண்டு முறை தோல்வி. இரண்டு தாளிலும் இவருடைய சிவப்புக் கையெழுத்து. மூன்றாவது முறைக்கு அடுத்த புதன்கிழமை தேதி. பரிசோதகர் பெயர் இருந்த கட்டத்திலும் இவர்தான்.

வருடத்துக்கு இரண்டாயிரம் முகங்களைப் பார்க்கிறவருக்கு அவளை அடையாளம் தெரியாததில் ஆச்சரியமில்லை. ஆனால் அவளுக்கு இவரைத் தெரியாமல் இருக்குமா? இலவச வாரம், படிவத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, காலையே பார்த்த பார்வை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார். மருந்துக்கடைக் கண்ணாடியில் அந்த விளம்பரத்தை ஒட்டியதுகூட அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அன்று வியாழக்கிழமை. வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கும்வரை காத்திருந்தார். ஆசிரியை பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு என்னை முன்னாடியே தெரியும், இல்லையா?”

“தெரியும் சார். முதல் நாளே தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“நீங்க அலுவலக வேலைன்னு எழுதினீங்க. சொல்ல இஷ்டமில்லைன்னு நினைச்சேன்.”

“ரெண்டு தடவை ஃபெயில் போட்டவனை யாராவது கூப்பிட்டு உட்கார வச்சுச் சொல்லித் தருவாங்களா? புதன்கிழமை உங்களுக்கு டெஸ்ட். யாருக்குக் காது குத்துறீங்க?”

அவள் பாயைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“முதல் தடவை நான் சிவப்பு விளக்கைக் கவனிக்காம போனேன். அது என் தப்பு, ஒத்துக்கிறேன். ரெண்டாவது தடவை நான் எந்தத் தப்பும் பண்ணலை சார். ரோடு காலியா இருந்துச்சு. திடீர்னு உங்க கால் தரையை மிதிச்சுது. டம்முனு சத்தம். என்னவோ ஏதோன்னு நான் பிரேக் போட்டேன், வண்டி நின்னு போச்சு. ‘காரணமில்லாமல் நடுவழியில் நிறுத்தினார்’னு எழுதினீங்க.”

அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

“நான் தேதியை மாத்தி, வேற பரிசோதகரைக் கேட்டு இன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டேன். எந்தப் பரிசோதகர்னு இன்னிக்குத்தான் எனக்கும் தெரிஞ்சுது. இங்கே வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.”

இரண்டு வாரம் அவர் அந்தப் படி ஏறவில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று நிரூபித்துவிட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அதற்காக, தேர்வுத் தாளின் ஓரத்தில், தன் கால் மிதிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். ஒரே நாளில் பதினோரு தேர்வு, முப்பத்து நான்கு கோடு. அதில் உண்மையாகவே ஆபத்து இருந்தது மூன்று இடத்தில்தான். மிதித்த சத்தத்தில் திடுக்கிட்டு வண்டியை நிறுத்தியவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் எழுதப் பேனாவை எடுத்த பிறகுதான் தன் கை என்ன எழுதப் போகிறது என்று அவருக்கே தெரிந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய தாள்கள் இருக்கும் அலமாரியைத் திறந்தார். ‘காரணமில்லாமல் நடுவழியில் நிறுத்தினார்’ என்ற வரி மற்ற பரிசோதகர்களின் தாள்களில் எங்கேயாவது ஒன்றுதான் கிடைத்தது. அவருடைய தாள்களில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் மனைவி கேட்டதற்கு, “ஒண்ணுமில்லை, பழைய ஃபைல் பார்த்தேன்” என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் மாடிக்குப் போனார். மன்னிப்பு என்று வாயைத் திறந்து கேட்கவில்லை. “இந்தக் காலை அசையாம வைக்க வழி இருக்கா?” என்று கேட்டார்.

“அசையாம வைக்கணும்னு நினைச்சா இன்னும் ஆடும் சார். உள்ளங்கால் தரையில படுதான்னு மட்டும் பாருங்க. இழுக்கிற மூச்சைவிட விடுற மூச்சு நீளமா இருக்கட்டும். வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி அரை நிமிஷம் போதும்.”

இவ்வளவுதானா என்று அவருக்குச் சந்தேகம். இருந்தாலும் செய்தார். பென்சில் கோடு முப்பதிலிருந்து இருபதானது, ஒரு மாதத்தில் ஆறானது. அவர் அரை நிமிடம் சும்மா இருந்ததில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் ஒரு பெருமூச்சு விட்டுத் தோளைத் தளர்த்திக்கொண்டார்கள். தேறுகிறவர்களின் எண்ணிக்கை ஏறியது.

மேலதிகாரிக்கு அங்கேதான் மூக்கில் வியர்த்தது.

“என்ன சார், திடீர்னு தாராளமா இருக்கீங்க? வெளியே நாலு பேர் நாலு விதமா பேசுறாங்க.”

“என்ன பேசுறாங்க?”

“உங்களுக்குப் புரியும்.”

புரிந்தது. இருபத்து மூன்று வருடத்தில் ஒருவரிடமும் ஒரு காபி வாங்கிக் குடித்ததில்லை அவர். முகம் சிவந்துவிட்டது. அடுத்த ஒரு வாரம் எல்லாத் தேர்விலும் பின்னிருக்கையில் ஒரு கண்காணிப்பு அதிகாரி கையில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்தார். முதல் நாள் பிடரியில் அந்தப் பார்வை குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. கால் பழையபடி தரையை மிதிக்கத் தொடங்கியது. அந்த நாளில் ஏழு பேர் தோற்றார்கள். தன்னைப் போலவே ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தோற்ற ஏழு பேரில் நாலு பேருக்கு, தவறு பரிசோதகருடையது என்று தாளிலேயே எழுதி, மறுதேர்வுக்குத் தேதி கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அப்படி ஒரு வாசகத்தை அந்த அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை.

அதிகாரியின் அறிக்கை வந்தது. ‘நடத்தையில் குறை இல்லை. வண்டி கிளம்பும் முன் அரை நிமிடம் பேசாமல் இருக்கிறார். காரணம் தெரியவில்லை.’ மேலதிகாரி அதை மேஜைமேல் தள்ளிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அதே மாதம் ஆசிரியை வேறொரு பரிசோதகரிடம் வண்டி ஓட்டிக் காட்டித் தேறினாள். செய்தி கேட்டதும் பரிசோதகருக்கு முதலில் வந்தது சந்தோஷம் அல்ல. தன் முகத்துக்காகச் சக ஊழியர் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டிருப்பாரோ என்று அவளுடைய தாளை வரவழைத்து வரிவரியாகப் படித்தார். இரண்டு சின்னத் தவறுகள், இரண்டும் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தன. தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“என் பேப்பரைப் பார்த்தீங்களாமே?” என்றாள் அவள் அடுத்த வகுப்பில்.

“பார்த்தேன். வளைவுல சிக்னல் லேட்டா போடுறீங்க.”

“சரி சார், மாத்திக்கிறேன்” என்று சொல்லி அவள் மின்விசிறியைப் போட்டாள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாயும் வியாழனும் அவர் தவறாமல் போகிறார், அதே கதவோரம்தான். மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் மனைவி இதைச் சொல்லி, தியானம் பலிக்குமா என்று அவர்கள் இவரைக் கேட்டால், “இன்னும் ஆறு மாசம் பார்த்தாத்தான் சொல்ல முடியும்” என்கிறார்.