கழுத்து வலித்த பீகிளும் என் கணவரும்

எங்கள் வீட்டுக்கு நாய் வந்ததில் என் கணவருக்குத் துளியும் விருப்பமில்லை. முகப்பேரில் மூன்றாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். "மாடி ஏறி எறங்கத்துக்கு நமக்கே மூச்சு வாங்குது, இதுல நாயி வேறயா?" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போன பீகிள் குட்டி அது. நீளக் காது, பழுப்பு முகம், எதையும் மோப்பம் பிடிக்காமல் விடாத மூக்கு. முதல் மாதம் முழுக்க அவர் அதைத் தொட்டதில்லை.

குட்டிக்குப் பத்து மாதம் இருக்கும்போது, ஒருநாள் காலை தட்டில் வைத்த சோற்றை அது தின்னவில்லை. கிட்டே போகும், நிற்கும், பின்வாங்கிவிடும். உடம்பு கொதித்தது. வயிறு சரியில்லை போல என்று நான் நினைத்தேன். கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு குளியலறையிலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து, தட்டை அதன்மேல் தூக்கி வைத்தார். குட்டி நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் தின்று தீர்த்தது.

"பசி கீது. குனியத்தான் முடில. கழுத்துல இன்னாவோ கீது" என்றார்.

மண்ணூர்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. லேத்தில் கடைந்து வரும் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளை அளந்து பார்த்து, தேறும், தேறாது என்று பிரித்துப் போடுவார். அந்தக் கண்ணோடு அவர் வீட்டில் ஒன்றைப் பார்த்து நான் கண்டது அன்றுதான்.

அம்பத்தூரில் எங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒரு பெண்மணி. கழுத்தில் ஏதோ என்று அவர் சொல்லியும், உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்று மருந்து கொடுத்தார். நான்கு நாளில் குட்டி இன்னும் மோசமானது. முதுகை வளைத்துக்கொண்டு நின்றது, தலையைத் தொட்டால் அலறியது. டாக்டர் தயங்கவே இல்லை. "நான் நினைச்சது தப்பு. இவர் சொன்ன மாதிரி கழுத்துதான். நாமளே வெச்சுக்கிட்டு நாளைக் கடத்தக் கூடாது" என்று, நகரத்துக்குள் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அன்றே எழுதிக் கொடுத்தார். அங்கே மயக்க மருந்து கொடுத்து, கழுத்தின் பின்புறம் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்துச் சோதித்தார்கள்.

முடிவு வந்ததும் அம்பத்தூர் டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். "மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி ஒரு உறை இருக்கு. அதுல அழற்சி. கிருமி எதுவும் இல்ல. இவளோட எதிர்ப்பு சக்தியே இவளைத் தாக்குது."

"வாட்ச்மேனே ஊட்டுக்காரன அடிச்சிக்கினு கீறான்னு சொல்றீங்கோ."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான் சார். அந்த வாட்ச்மேனை அடக்கத்தான் ஸ்டீராய்டு. மாசக்கணக்குல குடுக்கணும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். குறைக்கும்போது திரும்ப வரலாம். வேற வலி மாத்திரை எதையும் இதோட சேர்த்துக் குடுத்துடாதீங்க."

மாத்திரை இரண்டே நாளில் வலியை எடுத்துவிட்டது. ஆனால் குட்டிக்கு அடங்காத தாகம், அடங்காத பசி. குடித்த தண்ணீரெல்லாம் ஹாலில் குளமாகும். காலையில் மூன்று முறை, வேலை முடிந்து வந்து நான்கு முறை என்று அவர் அதைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். துடைக்கும் துணியோடு நான் புலம்பும்போதெல்லாம், "அவ இன்னா வேணும்னா பண்றா?" என்பார். அதுவரை 'இது' என்று சொல்லிவந்தவர் எப்போது 'அவ'வுக்கு மாறினார் என்று எனக்குத் தெரியாது. தினமும் காலை ஒரு துண்டு இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே, கீழே, இடம், வலம் என்று காட்டுவார். அவள் தலை இட்லியோடு சேர்ந்து திரும்புகிறதா என்று பார்ப்பார். மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில், அன்றைய கட்டத்துக்குள் மாத்திரையின் அளவையும் கழுத்தின் நிலையையும் எழுதுவார்.

மூன்றாம் மாதம் கம்பெனி வேலையாக இரண்டு வாரம் ஓசூர் போனார். மாத்திரை என் பொறுப்புக்கு வந்தது. அதற்குள் அவள் வயிறு பானையாகத் தொங்கியது, பின்னங்கால்கள் குச்சியாகிவிட்டன, சும்மா படுத்திருந்தாலே மூச்சிரைத்தது. எதிர்வீட்டு அக்கா வேறு, "ஸ்டீராய்டா? கிட்னி போயிடுமேம்மா" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. யாரையும் கேட்காமல் அளவைப் பாதியாகக் குறைத்தேன். காலண்டரில் மட்டும் முழு அளவையே எழுதினேன்.

ஒன்பதாம் நாள் காலை, ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்காயை அண்ணாந்து பார்க்கப் போனவள் வீல் என்று கத்தினாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவருக்குப் போன் போட்டு, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தினி நாளு, எவ்ளோ குட்த்த? கரெக்டா சொல்லு. அத்த அப்டியே டாக்டரம்மாகிட்ட சொல்லணும்."

அவ்வளவுதான். அன்றும் திட்டவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. நான் டாக்டரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். "காரணம் தெரிஞ்சுடுச்சு. ரத்தத்துல அழற்சி அளவை மட்டும் பாத்துட்டு ஆரம்பிச்சிடலாம். மறுபடி கழுத்துல ஊசி போட வேண்டாம்" என்றார். மறுபடியும் முழு அளவு. மறுபடியும் ஹாலில் குளம். ஊரிலிருந்து திரும்பிய அவர் காலண்டரில் அந்த ஒன்பது கட்டங்களையும் திருத்தி எழுதினார்.

இந்த முறை எல்லாவற்றையும் டாக்டர் சொன்னபடியே செய்தோம். எட்டு மாதத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் கால் மாத்திரை என்ற அளவுக்கு வந்தது. அப்போது ஒரு சாயங்காலம், வேலையிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் வாலாட்டிக்கொண்டு அவர் எதிரில் நின்றிருந்தாள்.

"கண்ண மட்டும் தூக்கிப் பாக்கறா. தலைய தூக்கல" என்றார்.

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சாப்பிட்டிருந்தாள், காய்ச்சலும் இல்லை. பையைக்கூட கீழே வைக்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூருக்கு ஆட்டோ பிடித்தார். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது, அழற்சி திரும்ப வந்திருந்தது.

அன்றுதான் அவர் உடைந்துபோனதைப் பார்த்தேன். டாக்டரிடம், "நா எதுனா தப்பு பண்ட்டனா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். எல்லாம் சரியாச் செஞ்சாலும் சில நாய்ங்களுக்கு இது திரும்ப வரும். காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டீங்க. நானா இருந்தா இன்னும் ரெண்டு நாள் கழிச்சுதான் கண்டுபிடிச்சிருப்பேன்."

தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அந்தப் பெண் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. ஸ்டீராய்டோடு இன்னொரு மருந்தையும் சேர்ப்பதற்கு முன் பெரிய மருத்துவமனைக்காரர்களோடு எங்கள் முன்னாலேயே போனில் பேசினார், கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டார். ரத்த அணுக்கள் குறைகிறதா என்று அடிக்கடி சோதிக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் முடிந்ததும் அம்பத்தூர் போவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

சென்ற வருடம் ஆவடியில் ஒரு வீட்டு நாய்க்கு இதே நோய் வந்தது. டாக்டர் எங்களைக் கேட்டுவிட்டு, அவர்களுக்கு என் கணவரின் நம்பரைக் கொடுத்தார். நாங்கள் நேரிலேயே போனோம். பயந்து போயிருந்த அந்தத் தம்பதிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இட்லித் துண்டை எப்படிக் காட்டுவது என்று அவர் செய்து காண்பித்தார். "மாத்திர டோச மட்டும் நீங்களா கொறைக்காதீங்கோ. எங்க ஊட்ல ஒரு தபா கொறச்சிட்டோம்" என்றார். 'கொறச்சிட்டோம்' என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளுக்கு இப்போது நான்கு வயது. மாத்திரை நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இனி வரவே வராது என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கால்களில் சதை பிடித்துவிட்டது. மூன்று மாடியும் அவளே ஓடி இறங்குகிறாள். பின்னால் இவர்தான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போமே" என்று கத்தியபடி போகிறார்.