பனி கூடின மலை

கீரிமலைக் கேணிப் படியில் நின்ற, சுவிஸிலிருந்து வந்திருந்தவருக்கு இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. யாராவது பார்த்தால் அந்தப் பாதத்தை மற்றதன் பின்னே மறைத்துக்கொள்வார். தாயின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருந்தார், நான் தகப்பனுடையதற்கு. இருவருக்கும் கிரியை முடிந்து ஈர வேட்டியோடு நின்றபோது, அவர் கைத்தொலைபேசியை நீட்டினார்.

“அண்ணை, உந்த ரெண்டிலை எது நல்லாயிருக்கு? நத்தார் லீவுக்குப் பனிச்சறுக்கப் போகப் பிள்ளையள் அனுப்பியிருக்கினம்.”

இரண்டிலும் வெள்ளை மலையும் மரவீடுகளும்தான். உயரமான மலையைத் தொட்டுக் காட்டினேன்.

“அகதியாப் போகேக்கை உந்த மலையாலைதான் ஏஜென்சிக்காரன் எங்களைக் களவா நடத்திக்கொண்டு போனவன். நாலு பேர் ஏறி, மூண்டு பேர்தான் இறங்கினனாங்கள். ஒருத்தன் பனியிலை விறைச்சுப் போனான்.”

“பிள்ளையளுக்குத் தெரியுமோ?”

“இல்லை. விரல் மெஷினுக்கை போனதெண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

தொலைபேசி கிணுங்கியது. வாசித்துவிட்டுச் சிரித்தார். “நீங்கள் காட்டினதையே புக் பண்ணிப்போட்டினமாம். அங்கைதானாம் பனி கூட.”

நல்லதென்று பதில் அனுப்பினார். பிறகு, சாமான் கட்டிக்கொண்டிருந்த ஐயரிடம் போய், செத்துப்போன இன்னொருவனுக்கும் ஒரு பிண்டம் வைக்க வேண்டும் என்றார்.

“என்ன முறை?” என்று ஐயர் கேட்டார்.

“கூட நடந்தவன்.”

அப்படியொரு முறை இல்லையென்று ஐயர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைகளிடம் இத்தனை வருடம் பொய் சொன்ன மனிதர், ஐயரிடம் ‘தம்பி’ என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.