எந்தப் பெருமாள் கோயில்

சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. ஆனால் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் வாசற்படியில்தான். நான் பகல் ஷிப்ட் முடிந்து உள்ளே வரும்போது அவள் நைட் ஷிப்டுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். கான்ட்ராக்ட் முடிந்து வந்தவாசிக்கே போகிறாள் என்பதையும் அப்படித்தான் சொன்னாள். கையில் பெரிய பை. வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு நைட்டோட முடிஞ்சுதுடி. காலைல அப்படியே ஊருக்கு."

"காஞ்சிபுரம் வழியாத்தான போவ? எனக்கு நாளைக்கு ஆஃப். நானும் வர்றேன், ஊரையே சுத்திக் காட்டறேன்."

"சரி, ஷிப்ட் முடிஞ்சதும் கம்பெனிகிட்ட ஒரகடத்துலயே பஸ் ஏறி நேரா வந்துடறேன். எங்க நிக்க?"

"பெருமாள் கோயில்ல!"

படித்தது எலெக்ட்ரானிக்ஸ் என்றாலும் எனக்குப் பைத்தியம் கோயில் கட்டடங்கள்மீதுதான். பெருமாள் கோயில் என்றால் என் தலைக்குள் வைகுண்டப் பெருமாள் கோயில் ஒன்றுதான். காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். சிங்கங்கள் தாங்கும் தூண்கள் சுற்றிவர, சுவர் முழுக்கப் பல்லவ அரசர்களின் கதை. தூர தேசத்திலிருந்து ஒரு சின்னப் பையனை அழைத்துவந்து முடி சூட்டுகிறார்கள். 'நம்மளை மாதிரியே ஊரைவிட்டு வந்தவன்டி' என்று அவளிடம் சொல்ல வேண்டும். 'அவனுக்கும் கான்ட்ராக்டா?' என்று கேட்பாள். கேட்டால் நன்றாக இருக்கும்.

காவலாளி என்னையே பார்த்தார். "இன்னாமா, ஒரே சிங்கத்த எத்தினி தபா பாப்ப?"

"கூட ஒரு பொண்ணு வருதுண்ணா. அதுக்குக் காட்டணும்."

"கிளாஸ் எடுக்கப் போறியா? அதான் வராம கீது."

அவள் போனில் சார்ஜ் நிற்காது. அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். மதியம் நடை சாத்தினார்கள். வெளியே வேப்பமர நிழலில் நின்றேன். பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பம் என்னிடம் போனை நீட்டி, எல்லோரும் வருகிற மாதிரி படம் எடுக்கச் சொன்னது. எடுத்தேன். "நீங்களும் வாங்களேன்" என்று ஒரு அம்மா சொன்னார். சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" அவள்தான்.

"நான் காலைல இருந்து இங்கதான்டி நிக்கறேன்!"

"பொய் சொல்லாத. பெருமாள் கோயில்னு சொன்னேன், ஆட்டோக்காரர் இட்டாந்து விட்டாரு. நீ வர வரைக்கும்னு தூணாண்ட சாஞ்சேன். நைட்டு ஷிப்ட் பாத்துட்டு வந்தேன் இல்ல, அப்படியே தூங்கிட்டேன். அப்புறமும் எவ்ளோ நேரம் பாக்கறது?"

காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் என்றால் சின்னக் காஞ்சிபுரத்து வரதராஜர்தான். ஊருக்கே தெரியும்.

"நான் சொன்னது வைகுண்டப் பெருமாள்டி."

"அது எங்க கீது?" என்றாள். பிறகு, "உனக்குக் கோயில் இட்லி வாங்கி வெச்சேன். ஆறிப்போச்சு, நானே துன்னுட்டேன்."

"இப்ப எங்க இருக்க? வர்றேன்."

"வந்தவாசி பஸ்ல. செவிலிமேடு பாலம் தாண்டிட்டோம். பக்கத்துல அக்கா போன்டி இது, வெக்கறேன்."

நேராக வரதராஜர் கோயிலுக்கு ஆட்டோ பிடித்தேன். ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி, தூண்களில் பாயும் குதிரைகள், எல்லாவற்றையும் வீடியோவில் எவ்வளவோ முறை பார்த்திருக்கிறேன். இப்போது எதையும் நின்று பார்க்கவில்லை. எந்தத் தூணில் சாய்ந்து தூங்கினாள்? கேட்க மறந்துவிட்டேன். அதே எண்ணைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பொண்ணாமா? என் தோள்மேலயே தூங்குது. எழுப்பட்டா?" என்றார் அந்த அக்கா.

"வேணாம்க்கா," என்றேன். "தூங்கட்டும். வந்தவாசி வந்தா மட்டும் எழுப்பி விடுங்க."